பட்டம் கையில், பணியிடம் எங்கே? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன்: பொது சுகாதாரத் துறைக்கு ஆள் எடுப்பது வேறு, ஆளை உருவாக்குவது வேறு, இரண்டாவதை அரசும் பல்கலைக்கழகமும் சேர்ந்துதான் செய்ய முடியும் என்று. அதைப் பிடித்துக்கொண்டு வந்த கேள்விகளே இந்த முறை பக்கத்தை நிரப்பிவிட்டன. மற்றவர்கள் அடுத்த இதழ் வரை பொறுக்கவும்.

என் மகள் புள்ளியியல் படித்தவள். இப்போது பொது சுகாதாரத்தில் முதுகலை படிக்கப் போகிறேன் என்கிறாள். டாக்டர் இல்லாதவருக்கு அங்கே என்ன சார் வேலை? – ஒரு தந்தை

நிறைய வேலை இருக்கிறது. மருத்துவமனைக்குள் நடப்பதுதான் நம் கண்ணில் படுகிறது. வெளியே, குடிநீரில் குளோரின் போதுமான அளவு இருக்கிறதா என்று பார்ப்பவர், தடுப்பூசி விட்டுப்போன குழந்தையைத் தேடிப் போகிறவர், ஆய்வகத்தில் மாதிரிகளைச் சோதிப்பவர், வாராவாரம் வந்து குவியும் எண்களைப் பார்த்து ‘இது வழக்கமானது, இது வழக்கமில்லாதது’ என்று சொல்பவர் என்று ஒரு பெரிய கூட்டமே வேலை செய்கிறது. கடைசியாகச் சொன்ன ஆள் உங்கள் மகளாக இருக்கலாம். அந்த வேலைக்கு டாக்டரைவிடப் புள்ளியியல் படித்தவர் பல நேரம் பொருத்தமானவர்.

ஆனால் சேர்வதற்கு முன் கல்லூரியில் ஒரு விஷயத்தைக் கேட்டுவிடுங்கள். மாணவர்கள் களப்பணிக்கு எந்த அரசு அலுவலகத்துக்குப் போகிறார்கள், எத்தனை மாதம், அங்கே அவர்களை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? போன இரண்டு பேட்ச் மாணவர்கள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள் என்பதையும் சேர்த்தே கேளுங்கள். சட்டென்று பதில் வந்தால் நல்ல இடம். ‘பல முன்னணி நிறுவனங்களுடன் ஒப்பந்தம் உள்ளது’ என்று கையேட்டை நீட்டினால், வேறு இடத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.

பயிற்சிதானே, அரசே ஒரு பயிற்சி நிலையம் வைத்து நடத்திக்கொள்ளலாமே. பல்கலைக்கழகத்தை ஏன் உள்ளே இழுக்க வேண்டும்? – ஓய்வுபெற்ற சுகாதாரத் துறை ஊழியர்

நடத்தலாம், நடத்தியும் காட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவில் 1951இல் அலெக்சாண்டர் லாங்மியூர் என்ற நோய்ப்பரவல் நிபுணர் தொடங்கிய ‘எபிடெமிக் இன்டெலிஜென்ஸ் சர்வீஸ்’ அரசின் சொந்தத் திட்டம்தான். இரண்டு வருடம், சம்பளத்தோடு, நோய் பரவும் இடத்துக்கே ஆளை அனுப்பிக் கற்றுக்கொடுப்பது. கொரியப் போர்க் காலத்தில், எதிரி கிருமியை ஆயுதமாக்கிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் பிறந்தது. பிறகு போலியோவில் தொடங்கி 1976இல் லீஜனேர்ஸ் நோய் என்ற நிமோனியா வரை அதன் ஆட்கள் போகாத இடமில்லை. ஆனால் கவனியுங்கள், அங்கே உள்ளே வந்தவர்கள் ஏற்கெனவே நன்றாகப் படித்துத் தேறியவர்கள். அடித்தளம் தயாராக இருந்தது, அரசு அதன் மேல் கட்டியது.

அந்த அடித்தளம் எங்கிருந்து வந்தது என்றால் பல்கலைக்கழகத்திலிருந்துதான். 1915இல் வில்லியம் வெல்ச், விக்லிஃப் ரோஸ் இருவரும் ராக்ஃபெல்லர் அறக்கட்டளைக்காக ஓர் அறிக்கை தயாரித்தார்கள். பொது சுகாதாரத்துக்கு மருத்துவக் கல்லூரியின் ஒரு மூலை போதாது, தனிக் கல்விக்கூடம் வேண்டும் என்ற எண்ணம் அதிலிருந்து உருப்பெற்றது. அடுத்த வருடமே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் அப்படி ஒன்று நிறுவப்பட்டது. அதே அறக்கட்டளையின் உதவியோடு 1932இல் கல்கத்தாவில் அகில இந்திய சுகாதார நிறுவனம் வந்தது. அது வகுப்பறையோடு நிற்காமல் சிங்கூரில் ஒரு கிராமப்புறக் களமையமும் வைத்துக்கொண்டது. அந்தக் களமையம்தான் என்னைப் பொறுத்தவரை அதன் பெரிய சொத்து.

ஏனென்றால் களம் கைவிட்டுப் போனால் கல்விக்கூடம் தன் பாட்டுக்குப் போய்விடும். அமெரிக்காவிலேயே அப்படித்தான் ஆனது. 1988இல் அங்குள்ள மருத்துவ நிறுவனம், அதாவது இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின், வெளியிட்ட அறிக்கை, பொது சுகாதாரக் கல்விக்கூடங்கள் நடைமுறை வேலையிலிருந்து விலகிப் போய்விட்டன என்று நேராகவே சொன்னது. அதன் பிறகுதான் இரண்டு தரப்பையும் ஒரே மேசையில் உட்கார வைக்க 1992இல் ஒரு கூட்டுக் குழு அமைந்தது. மருத்துவக் கல்லூரியோடு ஒரு போதனா மருத்துவமனை இருப்பது மாதிரி, பொது சுகாதாரக் கல்லூரியோடு ஒரு ‘போதனா சுகாதார அலுவலகம்’ இருக்க வேண்டும் என்ற யோசனையும் அங்கே பரவியது. எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது.

சுருக்கமாக, அரசின் பயிற்சி நிலையம் இந்த வருடப் படிவத்தை எப்படி நிரப்புவது என்று கற்றுக்கொடுக்கும். அந்தப் படிவத்தில் ஒரு கட்டம் ஏன் இருக்கிறது, அது தப்பான கட்டமாக இருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைக் கல்லூரி கற்றுக்கொடுக்கும். இரண்டும் தெரிந்த ஆள்தான் வேண்டும்.

பேப்பரில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. இதனால் நிஜமாக எங்கேயாவது ஏதாவது நடந்திருக்கிறதா? – நம்பிக்கை இழந்த வாசகர்

நைஜீரியாவைச் சொல்கிறேன். 2008இல் அந்த நாட்டு அரசு, களத்தில் இறங்கி நோயைத் துப்பறியும் எபிடெமியாலஜி ஆட்களை உருவாக்க ஒரு பயிற்சித் திட்டம் தொடங்கியது. கூட்டாளிகள் இபதான் பல்கலைக்கழகமும் ஸாரியாவில் இருக்கும் அகமது பெல்லோ பல்கலைக்கழகமும். வேலை அரசுத் துறையில், பட்டம் பல்கலைக்கழகத்திலிருந்து. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் பக்கபலம்.

2014 ஜூலை 20 அன்று எபோலா தொற்றிய ஒருவர் லாகோஸ் விமான நிலையத்தில் வந்து இறங்கினார். கோடிக்கும் மேல் மக்கள் வாழும் ஊர். எபோலா தொற்றியவரோடு பழகிய ஒவ்வொருவரையும் 21 நாள் கண்காணிக்க வேண்டும், அதுதான் விதி. பட்டியலில் சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 890 பேர். 890ஐ 21ஆல் பெருக்கிப் பாருங்கள், பதினெட்டாயிரத்துச் சொச்சம் வரும். கிட்டத்தட்ட அத்தனை முறை, சுமார் 18,500 தடவை, நேரில் போய்க் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்திருக்கிறார்கள். நோய் 20 பேரோடு நின்றது, 8 பேர் இறந்தார்கள். அக்டோபர் 20 அன்று நாடு எபோலாவிலிருந்து விடுபட்டது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

முழுப் பெருமையும் பயிற்சித் திட்டத்துக்கே என்று சொன்னால் அது பொய். முதல் நோயாளியை விடுவிக்கச் சொல்லி எவ்வளவோ நெருக்கடி வந்தும் அனுப்ப மறுத்த டாக்டர் ஸ்டெல்லா அடாடெவோ அந்த நோயிலேயே இறந்துபோனார். அவர் மட்டும் அன்று விட்டிருந்தால் கதையே வேறு. போலியோ ஒழிப்புக்காக அமைத்திருந்த அவசரக்கால மையமும் கைகொடுத்தது. ஆனாலும் தொடர்புகளைப் பட்டியலிட்டு, ஒருவர் விடாமல் பின்தொடர, விதி தெரிந்த ஆட்கள் அன்று காலையில் தயாராக இருந்தார்கள். நோய் வந்தபிறகு விளம்பரம் கொடுத்து எடுத்திருக்க முடியாது.

இரண்டு லட்சம் பேருக்கு ஒரு பயிற்சி பெற்ற கள எபிடெமியாலஜிஸ்ட் என்பது உலக அளவில் வைத்திருக்கும் இலக்கு. உங்கள் மாவட்டத்தின் மக்கள்தொகையை அதால் வகுத்துப் பாருங்கள். விடையை எனக்கு அனுப்ப வேண்டாம், மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள்.

எங்கள் மாணவர்களைச் சுகாதார அலுவலகத்துக்கு இன்டர்ன்ஷிப் அனுப்புகிறோம். அங்கே ஜெராக்ஸ் எடுப்பதும் பழைய பதிவேட்டைக் கணினியில் ஏற்றுவதும்தான் வேலை. இரண்டு மாதம் வீண். என்ன செய்யலாம்? – பேராசிரியர், பெயர் வேண்டாம்

உங்கள் கோபம் புரிகிறது, ஆனால் பாதி பழி உங்கள் பக்கமும் இருக்கிறது. மாணவரைக் கடிதத்தோடு அனுப்பிவிட்டு, முடிந்ததும் சான்றிதழ் வாங்கி வரச் சொல்கிறீர்கள். நடுவில் ஒருநாளாவது அங்கே எட்டிப் பார்த்தீர்களா? அந்த அலுவலகத்தில் இருப்பவருக்கு ஏற்கெனவே மூன்று பேர் வேலை. யாரோ ஒரு பிள்ளை வந்து நின்றால் கையில் எதையாவது கொடுத்து உட்காரவைக்கத்தான் பார்ப்பார்.

பழைய பதிவேட்டை ஏற்றுவதுகூட மோசமான வேலை இல்லை, கூட ஒருவர் உட்கார்ந்து கேள்வி கேட்டால். உதாரணத்துக்கு, ஓரிடத்தில் வயிற்றுப்போக்கு பரவியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாணவரிடம் லைன் லிஸ்ட் இருக்கிறது: ஒரு நோயாளிக்கு ஒரு வரி. பெயர், வயது, தெரு, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, தேதி. அந்தத் தேதியை வைத்து, எந்த நாளில் எத்தனை பேர் என்று கட்டம் கட்டமாக வரைந்தால் ஒரு படம் வரும். ஒரே நாளில் குப்பென்று ஏறி இறங்கினால் எல்லோரும் ஒரே இடத்திலிருந்து எதையோ உட்கொண்டிருக்கிறார்கள். மெல்ல மெல்ல அலை அலையாக ஏறினால் ஆளிடமிருந்து ஆளுக்குப் போகிறது. இவ்வளவும் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்துவிடலாம்.

வகுப்பில் வராதது என்னவென்றால், அந்தத் தேதி எந்தத் தேதி என்பது. பதிவேட்டில் இருப்பது பெரும்பாலும் மருத்துவமனைக்கு வந்த தேதி. நோய் தொடங்கிய தேதி அதற்கு ஒருநாள் முன்பாக இருக்கலாம், மூன்று நாள் முன்பாகவும் இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை புறநோயாளிப் பிரிவு மூடியிருந்தால் திங்கட்கிழமை எண்ணிக்கை சும்மாவே எகிறும். அதைப் பார்த்து ‘ஒரே நாளில் குப்பென்று ஏறியிருக்கிறது, தண்ணீர்தான் காரணம்’ என்று மாணவர் முடிவுகட்டிவிடுவார். வீடு வீடாகப் போய் ‘முதல் தடவை வயிற்றுப்போக்கு என்றைக்குங்க, காலையிலா ராத்திரியா’ என்று கேட்டால்தான் படம் மாறும். கேட்டால் எல்லோரும் தேதி சொல்வார்களா? மாட்டார்கள். ‘பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு மறுநாள்’ என்பார்கள். அந்தக் கல்யாணம் என்றைக்கு என்று தேடவேண்டும். இதைச் செய்த மாணவர் வாழ்க்கையில் எந்த வரைபடத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பமாட்டார்.

அப்புறம் நடைமுறைக்கு வருவோம். மாணவரை அனுப்புவதற்கு முன்பே அந்த அலுவலகத்தைக் கேட்டு, அவர்களுக்கு விடை தேவைப்படும் ஒரு கேள்வியை வாங்குங்கள். உங்களுக்குக் கட்டுரை போட வசதியான கேள்வியாக இருக்கக் கூடாது. தடுப்பூசிக்கு ஒரு குறிப்பிட்ட பகுதியில் ஏன் குறைவாக வருகிறார்கள், இரண்டு படிவங்களில் ஒரே தகவலை ஏன் இரண்டு தடவை எழுதுகிறோம், இந்த மாதிரி. வழிகாட்டுகிற அதிகாரிக்கு அந்த நேரம் வேலை நேரமாகக் கணக்கில் வரவேண்டும், இல்லையென்றால் அவர் ஏன் செய்யவேண்டும்? முடிந்தால் ஒருவரையாவது இரண்டு பக்கமும் பொதுவான பதவியில் போடுங்கள்: பாதி சம்பளம் கல்லூரி, பாதி சம்பளம் துறை, வாரத்தில் பாதி நாள் அங்கே, பாதி நாள் இங்கே. பத்துப் பக்க ஒப்பந்தம் செய்யாததை அந்த ஒரு ஆள் செய்துவிடுவார். ஆனால் அவருடைய பதவி உயர்வை யார் முடிவு செய்வது என்பதை முதலிலேயே எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் ‘அவர் எங்கள் ஆள் இல்லை’ என்று கைகழுவிவிடும்.

பல்கலைக்கழகத்து ஆட்களை எனக்குத் தெரியும். வருவார்கள், தரவு கேட்பார்கள், வாங்கிக்கொண்டு போவார்கள், ஆறு மாதம் கழித்து வெளிநாட்டு இதழில் கட்டுரை வரும். எங்களுக்கு ஒரு பிரதிகூட வராது. – ஒரு சுகாதார அதிகாரி



நியாயமான மனக்குறை. பல்கலைக்கழகத்தில் கட்டுரை எண்ணிக்கைக்குத்தான் மதிப்பு, துறையில் வெள்ளிக்கிழமைக்குள் அறிக்கை போனதா என்பதற்குத்தான் மதிப்பு. இரண்டு பேரும் நல்லவர்களாக இருந்தாலும் இந்த இழுபறி வரும். எனவே நல்ல மனசை நம்பாமல் எழுதிவிடுவதே மேல். தரவு துறையுடையது, பெயரும் முகவரியும் நீக்கித்தான் வெளியே போகும், நெறிமுறைக் குழு ஒப்புதல் வேண்டும், கண்டுபிடித்தது முதலில் உங்கள் மேசைக்கு இரண்டு பக்கக் குறிப்பாக வரவேண்டும், வேலை செய்த உங்கள் ஊழியரின் பெயர் கட்டுரையில் இருக்கவேண்டும். இதற்கு ஒப்புக்கொள்ளாதவருக்குத் தரவு கொடுக்காதீர்கள்.

ஆனால் ஒன்று. கட்டுரையில் உங்கள் அலுவலகத்துக்குச் சங்கடமான முடிவு வந்தால் தடுத்து வைக்கும் உரிமையையும் சேர்த்துக் கேட்காதீர்கள். படித்துப் பார்த்துக் கருத்துச் சொல்ல ஒரு மாதம் அவகாசம் கேளுங்கள், அது போதும்.

அரசு செலவில் படித்தால் இத்தனை வருடம் அரசில் வேலை செய்யவேண்டும் என்று பாண்டு வாங்குகிறார்களே, இது கொத்தடிமைத்தனம் இல்லையா? – கல்லூரி மாணவி

பாண்டு எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது அம்மா. ஜப்பானில் ஜிச்சி மருத்துவப் பல்கலைக்கழகம் என்று ஒன்று இருக்கிறது. டாக்டர் கிடைக்காத மலைப்பகுதிகளுக்கும் தீவுகளுக்கும் ஆள் வேண்டும் என்று மாகாண அரசுகள் சேர்ந்து 1972இல் தொடங்கியது. ஒவ்வொரு மாகாணத்திலிருந்தும் வருடத்துக்கு இரண்டு மூன்று பேர். ஆறு வருடப் படிப்புக்கான கட்டணம் கடனாகக் கணக்கில் எழுதப்படும், படித்த காலத்தைப்போல ஒன்றரை மடங்கு, அதாவது ஒன்பது வருடம், சொந்த மாகாணத்தில் சொன்ன இடத்தில் வேலை செய்தால் கடன் ரத்து. பெரும்பாலானவர்கள் முழுக் காலத்தையும் முடிக்கிறார்கள். டாக்டர்களுக்கான ஏற்பாடுதான், ஆனால் பொது சுகாதாரப் பணிக்கும் பாடம் இருக்கிறது.

ஒன்பது வருடம் என்றால் கேட்கவே பயமாக இருக்கும். ஆனால் சேரும் நாளிலேயே எங்கே, எவ்வளவு காலம் என்பது தெரியும், அனுப்புகிற மாகாணம் தன் பிள்ளையைத் தானே தேர்ந்தெடுத்திருக்கிறது. கிராமப்புறப் பின்னணி உள்ள மாணவர்கள் கிராமத்தில் தங்க அதிக வாய்ப்பு என்பதை உலக சுகாதார நிறுவனம் 2010இல் வெளியிட்ட பரிந்துரைகளிலும், 2021இல் புதுப்பித்த வழிகாட்டுதலிலும் வலியுறுத்துகிறது. மோசமான பாண்டு எது தெரியுமா? கையெழுத்து வாங்கிக்கொண்டு, படித்து முடித்தபிறகு பணியிடமே ஒதுக்காமல் வருடக்கணக்கில் காத்திருக்க வைப்பது. கையெழுத்துப் போடும்முன், இத்தனை மாதத்துக்குள் பணி தராவிட்டால் பாண்டு தானாக ரத்து என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

சுகாதார ஆய்வாளராகப் பல வருட அனுபவம். வயது 45. இனிமேல் போய்ப் படித்து என்ன ஆகப்போகிறது? – ஆய்வாளர்

இரண்டு வருடம் லீவு போட்டுப் படிக்கவேண்டும் என்பதில்லை. கள எபிடெமியாலஜிப் பயிற்சியில் பல நாடுகளில் மூன்று படிகள் உண்டு. கீழ்ப்படி சுமார் மூன்று மாதம். சில நாள் வகுப்பு, மீதி நாள் உங்கள் அலுவலகத்திலேயே உங்கள் தரவை வைத்து வேலை. நடுப்படி ஏறத்தாழ ஒரு வருடம், மேல்படி இரண்டு வருடம். மூன்று மாதப் பயிற்சி உங்களைப் போன்றவர்களை மனதில் வைத்தே உருவானது. வகுப்பில் இருபத்துமூன்று வயதுப் பிள்ளைகளோடு உட்கார வெட்கப்படாதீர்கள், கதவைத் தட்டினால் உள்ளே கூப்பிடவைக்கும் வித்தை உங்களுக்குத்தான் தெரியும்.

ஒரே சிக்கல், உங்கள் பணி விதிகளில் அந்தச் சான்றிதழுக்கு ஏதாவது மதிப்பு இருக்கிறதா என்பது. சீனியாரிட்டி மட்டும்தான் கணக்கு என்றால், படித்தவரும் படிக்காதவரும் ஒரே நாளில் பதவி உயர்வு வாங்குவார்கள். இதைச் சங்கத்தில் பேசுங்கள். பல்கலைக்கழகத்தால் இதைச் சரிசெய்ய முடியாது, இது முழுக்க அரசின் வேலை.

பெருந்தொற்று நேரத்தில் ஒப்பந்தத்தில் எடுத்தார்கள், பயிற்சி கொடுத்தார்கள், முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். – முன்னாள் ஒப்பந்த ஊழியர்

உங்கள் கடிதத்தில் கேள்வியே இல்லை, ஆனால் எல்லாக் கேள்விகளையும்விட முக்கியமானது. பணம் திட்டத்துக்கு வருகிறது, பதவிக்கு வருவதில்லை. நோய் பெரிதாகும்போது நிதி கொட்டும், அடங்கினால் வற்றிவிடும். பயிற்சி பெற்ற கை வேறு வேலை தேடிப் போய்விடும், அடுத்த நோய்க்கு மறுபடி முதலிலிருந்து. பணக்கார நாட்டிலும் இதே கதைதான். அமெரிக்காவில் 2022இல் சுகாதாரத் துறைகளில் ஆள் பலத்தைக் கூட்ட 300 கோடி டாலருக்கும் மேல் ஒதுக்கினார்கள், அதற்கும் ஐந்து வருடக் கெடு. கெடு முடிந்தபிறகு அந்தச் சம்பளத்தை யார் கொடுப்பது என்று அங்கேயும் மண்டையைப் பிய்த்துக்கொள்கிறார்கள்.

கல்லூரி இடத்தைக் கூட்டினால் ஆள் பற்றாக்குறை தீரும் என்று சொல்பவர்களோடு நான் ஒத்துப்போகாதது இதனால்தான். நூறு பேரைப் படிக்கவைத்துப் பத்துப் பணியிடம் வைத்திருந்தால், தொண்ணூறு பேர் கிடைத்த வேலைக்குப் போவார்கள், அடுத்த வருடம் நல்ல மாணவர்கள் சேரவே மாட்டார்கள். நிதித் துறை ஒப்புதல் கொடுத்த நிரந்தரப் பணியிடம் எத்தனை என்று முதலில் எண்ணிவிட்டு, பிறகு கல்லூரியில் இடம் ஒதுக்கவேண்டும். பேச்சுவார்த்தை மேசையில் சுகாதாரத் துறையும் துணைவேந்தரும் மட்டும் உட்கார்ந்தால் போதாது, நிதித் துறைக்கும் ஒரு நாற்காலி போடவேண்டும்.

புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தாகும்போது ஏன் எல்லோரும் கோப்பை விரித்துப் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்? – குறும்பு வாசகர்

உள்ளே இன்னும் யாரும் படிக்கவில்லை என்பதால் இருக்கலாம்.

வீட்டிலிருந்தே ஆன்லைனில் பொது சுகாதாரச் சான்றிதழ் படித்தால் வேலை கிடைக்குமா? – வேலை தேடும் இளைஞர்

அதை மட்டும் வைத்து என்றால் கஷ்டம்தான். புள்ளியியல், மென்பொருள், அடிப்படை எபிடெமியாலஜி எல்லாம் ஆன்லைனில் நன்றாகவே கற்கலாம், இலவசமாகவும் கிடைக்கிறது. பிரேசிலில் அரசு 2010இல் தன் சுகாதார ஊழியர்களுக்காகப் பல பல்கலைக்கழகங்களை இணைத்து ‘உனா-சுஸ்’ என்ற திறந்தநிலைப் பல்கலைக்கழக வலைப்பின்னலையே முறைப்படி நிறுவியது. ஆனால் அங்கே படிப்பவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள், காலையில் களம், மாலையில் பாடம். உங்களுக்குக் களம் இல்லை. எனவே சான்றிதழோடு சேர்த்து, அருகில் உள்ள சுகாதார அலுவலகத்தில் சில மாதம் தன்னார்வலராகச் சேர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள், தடுப்பூசி முகாம் நடக்கும் நாட்களில் ஆள் தேவைப்படும். அங்கே செய்த வேலையை அந்த அலுவலகத்தின் கையெழுத்தோடு ஒரு பக்கக் குறிப்பாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.